ஸ்கோப் சித்தப்பா

மனிதர்களில் ஓர் இனம் உண்டு. உங்கள் சொந்தத்திலும் ஒருவர் இருப்பார். வீட்டுப் பிள்ளை பள்ளிக்கூடத்தின் கடைசி வகுப்பில் கால் வைத்ததுமே மோப்பம் பிடித்து வந்துவிடுவார், வாசலிலேயே "அடுத்து என்ன படிக்கப்போறே?" என்பார், பிள்ளை பதில் சொல்ல வாயெடுத்தால் போதும், "அதுக்கெல்லாம் ஸ்கோப் இல்ல" என்று கதையை முடித்துவிட்டு, மின்விசிறிக்கு நேரே கிடக்கும் நாற்காலியாகப் பார்த்து உட்கார்வார்.

ஸ்கோப் சித்தப்பா அந்த இனத்தில் பழுத்த பழம். குடிநீர் அலுவலகத்தில் குழாய் இணைப்பு மனுக்களுக்கு முத்திரை குத்துவது உத்தியோகம். உறவுக்காரப் பிள்ளைகளின் தலையெழுத்தைத் திருத்துவது தொண்டு. நன்றாகப் படம் வரைந்தவனைக் கணக்குப் படிப்பில் தள்ளினார். கணக்கில் புலியாக இருந்தவளை "கணக்குல இப்போ ஸ்கோப் போச்சும்மா" என்று ஓட்டல் நிர்வாகம் படிக்க அனுப்பினார். இருவரும் இப்போது அவரைக் கண்டால் தெருவின் எதிர்ப்பக்கம் போய்விடுகிறார்கள். மரியாதை என்று சித்தப்பா நினைத்துக்கொண்டிருக்கிறார்.

அண்ணன் மகள் கல்லூரிக்கு விண்ணப்பம் கொடுக்கக் கடைசி நாள். மாலை ஐந்து மணிவரை கெடு. சித்தப்பா அரைநாள் விடுப்புப் போட்டுவிட்டு, மூன்று வண்ண மையில் கோடு இழுத்த பெரிய தாளோடு வந்து சேர்ந்தார்.

"ஒண்ணு கம்ப்யூட்டர், இல்லாட்டி மருந்து. மூணாவது பேச்சே கிடையாது."

"நான் எழுதிட்டேன் சித்தப்பா. செயற்கைக் கால் செய்யற படிப்பு. அப்பா கையெழுத்துதான் பாக்கி."

சித்தப்பா காப்பியைப் பாதியில் கீழே வைத்தார். அந்த வீட்டில் யாரும் இதற்குமுன் பார்த்திராத காட்சி.

"காலா? பொம்மை பண்றவன் வேலையாச்சே அது! இதுல என்ன ஸ்கோப்?"

அண்ணன் பேனாவைத் திறந்தார், தம்பியின் முகத்தைப் பார்த்தார், மூடினார். அண்ணி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து, "நாலு ஆச்சு தம்பி" என்றாள்.

"என் பெஞ்சுல ஒருத்தி இருந்தா சித்தப்பா," என்றாள் மகள். "அவ போட்டிருந்த கால் அளவே சரியில்ல. பழைய சாக்ஸைத் திணிச்சுக்கிட்டு வருவா. மதியானத்துல ரத்தமே கசியும். நான் பஞ்சை வெட்டி வெட்டி வெச்சுப் பார்ப்பேன். ஒரு நாள் சரியா அமைஞ்சுச்சு. மைதானத்தைச் சுத்தி நடந்துட்டு வந்தா." விண்ணப்பத்தை அப்பா பக்கம் நகர்த்தினாள். "உங்களை அந்தக் குடிநீர் ஆபீசு வேலைக்குப் போகச் சொன்னது யாரு?"

"எங்க மாமா ஒருத்தர். நிழல்ல உக்காந்து பாக்கற வேலைன்னார்."

"நீங்க என்ன படிக்கணும்னு நினைச்சீங்க?"

இருபத்தாறு வருஷ உத்தியோகத்தில் ஒருத்தரும் அவரிடம் இதைக் கேட்டதில்லை. அவரே கேட்டுக்கொண்டதில்லை.

"பறவைங்க," என்றார். "எங்கேருந்து வருது, எங்க போகுதுன்னு... அப்படி ஒரு படிப்பு இருந்துச்சு."

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் சமாளித்திருப்பார். வண்ணத்தாளை நாலாக மடித்தார், எட்டாக மடித்தார், பையில் திணித்தார்.

"கையெழுத்தைப் போடுங்கண்ணே. மணி ஆகுது."

அண்ணன் அதற்காகவே காத்திருந்தவர்போலப் போட்டார். ஐந்து அடிக்கப் பத்து நிமிஷம் இருக்கும்போது விண்ணப்பம் கல்லூரி அலுவலகத்துக்குள் நுழைந்தது. அடுத்த மாதமே இடமும் கிடைத்தது.

சித்தப்பா திருந்திவிட்டார் என்றுதானே நினைக்கிறீர்கள்? அவசரப்படாதீர்கள். கையெழுத்து வாங்கிக் கொடுத்த அன்றே வீடு திரும்பும் வழியில், தைக்கக் கொடுத்த சட்டையை வாங்கத் தையல்காரர் கடையில் ஏறினார். தையல்காரரின் மகளும் பள்ளியில் கடைசி வகுப்பு. பூதக்கண்ணாடிபோல மூக்குக்கண்ணாடி, மாடிப்படி ஏறினாலே தலை சுற்றும்.

"என்னம்மா ஆகப்போறே?"

"பைலட், அங்கிள்."

"பைலட்டா? அதுக்கெல்லாம் ஸ்கோப் இல்லம்மா. செயற்கைக் கால்! இனிமே உலகமே அதுலதான் நிக்கப்போகுது!"

பாவம் அந்தப் பெண், என்று சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் மூக்குக்கண்ணாடி என்றதுமே, 'பைலட் சரிப்படாது, பேசாமல் இந்தப் பெண் இன்னது படிக்கலாமே' என்று உங்களுக்கும் ஒன்று தோன்றியதே, அதைத் தயவுசெய்து உங்களோடேயே வைத்துக்கொள்ளுங்கள்.

அவள் உங்களைக் கேட்கவில்லை.