இரண்டு மெரூன் டின்கள்

நீராவி எஞ்சின் ஆகஸ்டாவின் சக்கரங்கள் நின்ற இடத்திலேயே சுற்றின. புகை வந்தது, சத்தம் வந்தது, ரயில் மட்டும் மேட்டில் ஓர் அடி ஏறவில்லை.

"இலைய்யா! தண்டவாளம் பூரா ஈர இலை!" என்று டிரைவர் ஆல்வின் கத்தினார். "மணல் குழாய் வேற அடைச்சுக்கிச்சு. ரோலண்ட், இறங்கித் தண்டவாளத்துல கையால மணல் போடு, சக்கரம் பிடிக்கட்டும்!"

எஞ்சினுக்குக் கரி தள்ளும் ரோலண்டுக்கு அன்று காலையிலிருந்தே கை கால் ஓடவில்லை. பள்ளிக்கூட நாள் சிநேகிதன் நாரிஸின் அஸ்தி அதே எஞ்சினில்தான் வந்துகொண்டிருந்தது. மேட்டு உச்சி ஸ்டேஷனில் அதை ஆகஸ்டாவின் அடுப்பில் போட வேண்டும். ஆஸ்பத்திரிக் கட்டிலில் மனைவி தெல்மாவிடமும் ரோலண்டிடமும் நாரிஸ் கேட்டது அது ஒன்றைத்தான்.

"தெல்மாகிட்ட சொல்லிட்டேன். நீ கூட இருந்து பாத்துக்கடா" என்றான். ரோலண்ட் அவன் கையைப் பிடித்துச் சத்தியம் செய்து கொடுத்திருந்தார்.

சின்ன வயதில் இருவரும் பாலத்தின் மேல் நின்று, ஜாம் ரொட்டியைக் கடித்துக்கொண்டே, போகிற வருகிற எஞ்சின்களின் நம்பரை எல்லாம் எழுதியவர்கள். பழைய இரும்புக் கடையில் துருப்பிடித்துக் கிடந்த ஆகஸ்டாவை ஊரெல்லாம் வசூல் செய்து மீட்டவர்கள். யார்க்‌ஷயர் குன்றுகளுக்கு நடுவே மூடிக் கிடந்த இந்தப் பாதையில் அவளை மறுபடி ஓடவிட்ட பிறகு, நாரிஸைச் சனி ஞாயிறு வீட்டில் பார்த்தவர் யாருமில்லை.

ஈர மணல் குழாயை அடைக்கும் என்பதால், காய்ந்த மணலைப் பழைய பெயிண்ட் டின்னில் இறுக மூடி எஞ்சினில் வைப்பது இந்தப் பாதையின் வழக்கம். அதைக் கொண்டுவந்தவனே நாரிஸ்தான். ரயில் பெட்டிகளுக்கு அடித்து மிஞ்சிய மெரூன் பெயிண்ட் டின் ஒன்றைக்கூட வீசவிட மாட்டான். தன் அஸ்தியும் அப்படியொரு டின்னில்தான் வர வேண்டும் என்று பிடிவாதமாகச் சொல்லிவிட்டுப் போனான். காலையில் தெல்மா நீட்டிய டின்னை ரோலண்ட் தொப்பியைக் கழற்றி வாங்கினார். எஞ்சினில் வைக்க வேறு இடமில்லாததால் மணல் டின்னுக்குப் பக்கத்திலேயே வைத்தார்.

இப்போது கைக்குக் கிடைத்த டின்னை எடுத்துக்கொண்டு குதித்தார். மூக்குக் கண்ணாடி முழுக்க மழை. முன்னால் ஓடி, இரண்டு தண்டவாளத்திலும் தாராளமாகக் கொட்டினார். சக்கரம் பிடித்துக்கொண்டது. பெட்டிகளில் கைதட்டல் கேட்டது.

"பாத்தியா, என்னமா பிடிக்குது!" என்றார் ஆல்வின். "நாரிஸ் இருந்தா சந்தோஷப்பட்டிருப்பான்."

சிரித்தபடி ஏறிய ரோலண்ட் டின்கள் வைத்திருந்த பலகையைப் பார்த்தார். அங்கே இருந்த டின்னின் மூடி நசுங்கியிருந்தது. நசுங்கிய மூடி மணல் டின்னுடையது.

"ஆல்வின், வண்டிய நிறுத்து."

"இப்ப நிறுத்தினா பொழுது விடிஞ்சாலும் ஏறாது. என்னய்யா?"

"நாரிஸக் கொட்டிட்டேன்."

"எங்க?"

"தண்டவாளத்துல. அவன் மேலேயே ஏறி வந்துட்டோம்."

ஆல்வின் தொப்பியைக் கழற்றினார். வளைவு வந்துவிட்டதால் உடனே மாட்டிக்கொண்டு விசில் அடித்தார்.

"அழாதய்யா" என்றார் கொஞ்ச தூரம் போனதும். "சாம்பலுக்கா பஞ்சம்? அடுப்புக்குக் கீழ வண்டி வண்டியா இருக்கு. தெல்மாவுக்கு என்ன தெரியப் போகுது?"

உச்சி ஸ்டேஷனில் ரோலண்ட் எஞ்சினுக்கு அடியில் புகுந்து சாம்பலை வாரினார். அதில் கட்டி கட்டியாகக் கரிக் கசடு. மனிதனில் இவ்வளவு கட்டி இருக்காது என்று பட்டது. டீக்கடைக்கு ஓடினார்.

"பெர்ல், டீ வடிகட்டி கொஞ்சம் குடு."

"எதுக்கு?"

"ஆகஸ்டாவுக்கு."

"அவளும் டீ குடிக்க ஆரம்பிச்சுட்டாளா? கழுவிக் கொண்டா" என்று கொடுத்தாள் பெர்ல்.

எஞ்சின் அடியில் குந்தி உட்கார்ந்து சாம்பலைச் சலித்துக் காலி டின்னில் ரொப்பினார். உயிருக்கு உயிரானவனுக்குக் கடைசியில் செய்கிற காரியமா இது?

தெல்மா கறுப்புக் கோட்டில் வந்தாள். இத்தனை வருஷத்தில் அவள் இந்த ரயிலில் ஏறியதே இன்றைக்குத்தான். எஞ்சினைப் பெயர் சொல்லிக்கூடக் கூப்பிட மாட்டாள். "அந்தப் பொம்பள" என்பாள். டின்னைக் கையில் வாங்கியவள் துள்ளினாள்.

"ஐயோ, சுடுது!"

"அடுப்புப் பக்கத்துல இருந்துச்சில்ல" என்றார் ரோலண்ட்.

அவள் மூடியைத் திறந்து பார்த்தாள். முகம் வெளுத்துவிட்டது. ரோலண்டைப் பார்த்தாள், திரும்ப டின்னைப் பார்த்தாள்.

"ரோலண்ட், இது... இவரா?"

"நாரிஸேதான்."

"நிச்சயமாவா?"

"சின்ன வயசுப் பழக்கம் தெல்மா. எனக்குத் தெரியாதா?"

அவள் சாம்பலைக் கரி அள்ளும் கரண்டியில் கவிழ்த்தாள். ரோலண்ட் அதை அடுப்புக்குள் வீசினார். ஆல்வின் நீளமாக விசில் அடித்தார். பிளாட்பாரத்தில் தெல்மாவைத் தவிர எல்லோரும் அழுதார்கள். ரோலண்டின் அழுகைதான் பெரிதாகக் கேட்டது.

டீக்கடையில் தெல்மா முன்னால் டீ ஆறிக்கொண்டிருந்தது. அவள் அதைத் தொடவில்லை. வெளுத்த முகம் வெளுத்தபடியே இருந்தது. அதைப் பார்க்கப் பார்க்க ரோலண்டுக்குப் பொறுக்கவில்லை.

"தெல்மா, நான் ஒரு பாவி" என்று ஆரம்பித்து, ஈர இலை, மணல், மாறிப்போன டின், வடிகட்டி எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். துடைத்துக்கொண்டிருந்த வடிகட்டியைப் பெர்ல் குப்பைத் தொட்டியில் போட்டாள்.

"அடிக்கணும்னா அடி. அவன் கேட்டது ஒண்ணே ஒண்ணு. அதையும் நான் கெடுத்துட்டேன்."

தெல்மாவிடமிருந்து பெருமூச்சு ஒன்று வந்தது. முகத்தில் ரத்தம் திரும்பியது. கரி படிந்த அவர் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள். கண்ணீர் அப்போதுதான் அவளுக்கு வந்தது.

"அப்பாடா! டின்னத் திறந்ததும் என் உயிரே போயிடுச்சு ரோலண்ட். சனி ஞாயிறெல்லாம் அவரை அந்தப் பொம்பளகிட்ட விட்டுக் குடுத்தேனே, சாம்பலாவது எனக்கு இருக்கட்டும்னு கட்டில் பக்கத்துலயே அவரை வச்சுட்டு, டின்ல நான் ரொப்பிக் கொண்டுவந்தது வெறும் மணல்."