நானூற்றுப் பன்னிரண்டு கன்றும் ஒரு கம்பும்

நானூற்றுப் பன்னிரண்டு. நூம்பல் ஹேமநாதன் கடந்த நான்கு ஆண்டுகளில் நட்ட மரக்கன்றுகளின் எண்ணிக்கை இது. குத்துமதிப்பாகச் சொன்னதல்ல, அவருடைய விசிட்டிங் கார்டிலேயே அச்சாகியிருக்கிறது. பெயர், செல்பேசி எண், அதற்குக் கீழே ‘412 மரங்கள்’, பக்கத்தில் ஒரு பச்சை இலை.

இவரை உங்களுக்குத் தெரியும். நூம்பல் பக்கமே நீங்கள் வந்ததில்லை என்றாலும் தெரியும். இந்த இனத்துக்கு நடுவிழாக்காரர் என்று பெயர் வைத்துக்கொள்வோம். பதினோரு மாதம் இவர் நம்மைப் போலத்தான் இருப்பார். ஏசி போட்டுக்கொண்டு போர்வைக்குள் தூங்குவார், தெருமுனைக் கடைக்குத் தயிர் வாங்கக் காரை எடுப்பார், மனை விற்பார் (மாந்தோப்பை அழித்துப் போட்ட மனைக்கு மாந்தோப்பு நகர் என்று பெயர் வைத்ததும் இவர்தான்). மே மாதக் கடைசி வாரத்தில் பச்சை டி-சர்ட்டுக்கு மாறிவிடுவார். அன்று முதல் ‘பூமி’ என்று சொல்லும்போது மட்டும் குரல் தாழும். பக்கத்து அறையில் யாரோ உடம்பு சரியில்லாமல் படுத்திருப்பதுபோல.

ஹேமநாதன் நடத்தும் அமைப்பின் பெயர் ‘நூம்பல் பசுமைக் கரங்கள்’. சும்மா சொல்லக்கூடாது, வேலை நிறைய நடக்கும். காரில்லா ஞாயிறு என்று ஒரு சைக்கிள் பேரணி. சைக்கிள்கள் முகப்பேரிலிருந்து டெம்போவில் வந்தன, ஓட்டுபவர்கள் பின்னால் காரில் வந்தார்கள். புவி வெப்பமடைதல் பற்றி ஒரு கருத்தரங்கு. மண்டபத்து ஏசி போட்ட குளிரில், மேடையில் இருந்தவர்களுக்குப் போர்த்திய பொன்னாடை முதல்முறையாக ஒரு மனிதனுக்கு உண்மையிலேயே உதவியது. ஏரிக்கரைத் தூய்மைப் பணி என்று ஒன்று. அதற்கு முந்தின நாளே துப்புரவுப் பணியாளர்கள் வந்து கரையைத் துடைத்து வைத்தாற்போல் ஆக்கிவிட்டுப் போய்விட, படம் எடுக்கக் குப்பை இல்லாமல் ஹேமநாதன் தவித்து, கடைசியில் வேலப்பன்சாவடியிலிருந்து இரண்டு மூட்டைக் குப்பையை ஆட்டோவில் வரவழைத்துக் கரையில் தூவி, பிறகு எல்லோருமாகக் கையுறை மாட்டிப் பொறுக்கினார்கள். பொறுக்கினார்கள் அல்லவா? அதைப் பாருங்கள்.

ஆனால் இதெல்லாம் பக்கவாத்தியம். கச்சேரி ஜூன் ஐந்து, உலகச் சுற்றுச்சூழல் தினம்தான்.

சென்னையில் ஜூன் ஐந்து எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. காக்கையே நிழல் தேடும் அந்த நாளில்தான் ஹேமநாதன் கன்று நடுவார். வருபவர்களுக்கெல்லாம் தொப்பி உண்டு, மோர் உண்டு. கன்றுக்கு இரண்டும் கிடையாது.

நடுவதற்கு ஏரிக்கரையில் ஆறு குழிகள். முதல் ஆண்டு ஜேசிபி வைத்துத் தோண்டியவை. ஒவ்வோர் ஆண்டும் அதே ஆறு குழிகள்தான், ஏனென்றால் அங்கேதான் வெளிச்சம் முகத்தில் சரியாக விழுகிறது, பின்னால் பேனரும் முழுசாகத் தெரிகிறது. ஆறு குழியில் நானூற்றுப் பன்னிரண்டு மரமா என்று நீங்கள் கேட்பீர்கள். கணக்கு சுலபம். ஒருவர் வந்து கன்றைக் குழியில் வைத்துச் சிரிப்பார். படம் எடுத்ததும் அடுத்தவர் அதே கன்றைத் தூக்கி அதே குழியில் வைத்துச் சிரிப்பார். குழிக்குப் பதினேழு பேர். ஆறு குழிக்கு நூற்றிரண்டு. கடைசியாகத் தாமதமாக வரும் பிரமுகர் ஒருவர். ஆக நூற்றுமூன்று. நான்கு ஆண்டுக்குப் பெருக்கிப் பாருங்கள். ஹேமநாதன் பொய் சொல்கிறவர் அல்ல. நட்ட ஆட்களை எண்ணினார், அவ்வளவுதான்.

“கேமராவப் பாத்து நடுங்க சார். குனியாதீங்க, மூஞ்சி விழல.” பதினேழு பேருக்கும் இதையேதான் சொல்வார். பதினேழு முறை நடப்பட்ட கன்று பதினெட்டாவது முறைக்குத் தாங்காது. தாங்கினாலும் துலுக்கானத்தின் ஆடுகள் கரைக்கு அந்தப் பக்கம் நின்று, எப்போது தேசிய கீதம் முடியும் என்று காத்துக்கொண்டிருக்கும்.

இப்படிச் சுகமாகப் போய்க்கொண்டிருந்த வாழ்க்கையில், இந்த ஆண்டு ஜூன் இரண்டாம் தேதி வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வந்தது.

பூந்தமல்லியில் ஓர் அறக்கட்டளை ஆண்டுதோறும் ‘பசுமைக் காவலர்’ என்று ஒரு விருது தருகிறது. ஹேமநாதன் மூன்று முறை விண்ணப்பித்து மூன்று முறையும் இரண்டாம் இடம். முதல் இடம் ஒவ்வொரு தடவையும் மாங்காட்டு ஜெயராமனுக்கே போனது. அவருடைய ஆல்பம் இன்னும் தடிமன். இந்தமுறை அறக்கட்டளைக்கு என்ன ஆனதோ, ஆல்பம் வேண்டாம் என்றுவிட்டார்கள். நடுவர் நேரில் வருவார். உங்கள் விழாவில் நட்டு, இரண்டு ஆண்டு வளர்ந்து, உயிரோடு நிற்கும் மரம் ஒன்றைக் காட்டினால் போதும். ஒன்று. ஜெயராமன் அன்றே விலகிக்கொண்டார் என்று தெரிந்ததும் ஹேமநாதன் வாய்விட்டுச் சிரித்தார். நானூற்றுப் பன்னிரண்டில் ஒன்று இல்லாமலா போகும்?

ஏரிக்கரைக்குப் போனார். முதல் குழியில் நாய் படுத்திருந்தது. இரண்டாவதில் யாரோ தேங்காய் மட்டை போட்டிருந்தார்கள். மூன்றாவதில் போன ஆண்டுத் தொப்பி கிடந்தது. மற்ற மூன்றையும் பார்க்க அவருக்கு மனம் வரவில்லை. போய்க் கஸ்தூரியின் டீ வண்டிப் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்தார்.

“இன்னா சார், மூஞ்சி இப்டி கீது?” என்றாள் கஸ்தூரி.

“ஒண்ணுகூட இல்லம்மா. நாலு வருஷம் பாடுபட்டேன். ஒண்ணே ஒண்ணுகூட இல்ல.”

“துலுக்கானம் ஊட்டு ஆடு சார். நீங்க அப்பால போனா அது இப்பால வரும். போன தபா மைக்கு செட்டு கயட்றதுக்குள்ளயே வந்துருச்சி.”

“நிழலுக்குன்னு ஒரு மரம் நிக்கலையே!” என்றார் ஹேமநாதன், நிழலில் உட்கார்ந்துகொண்டு.

கஸ்தூரி மேலே பார்த்தாள். இரண்டு ஆள் உயரத்துக்கு, கும்மென்று இலை விட்டு, நாலைந்து மஞ்சள் பூவோடு நின்றது ஒரு பூவரசு. அதன் இடுப்பில் போன ஆண்டு பேனரின் கிழிசல் இன்னும் கயிற்றோடு தொங்கியது. அவள் வாய் திறக்கவில்லை. இவர் கண்ணில் அது பட்டால் முதலில் அதற்கு ஒரு போர்டு வரும், பிறகு திறப்பு விழா வரும், பிறகு தன் வண்டியை வேறிடம் தள்ளச் சொல்வார்கள் என்பது அவளுக்குத் தெரியும்.

“சக்கர கம்மிதான?” என்று மட்டும் கேட்டாள்.

ஹேமநாதனையும் குறை சொல்வதற்கில்லை. அவர் கண்ணுக்கு அது மரமே அல்ல. அது பேனர் கம்பு. வலதுபக்கக் கம்பு.

மறுநாள் பூந்தமல்லி நெடுஞ்சாலையோரப் பண்ணை ஒன்றிலிருந்து பத்தடி வேப்பமரம் ஒன்று பையோடு லோடு ஆட்டோவில் வந்து இறங்கியது. அவர் மனைவி ராதிகா பால்கனியிலிருந்து பார்த்தாள்.

“இது ஏமாத்து வேல இல்லையா?”

“மரம் மரம்தான ராதிகா. இங்க வளந்தா என்ன, அங்க வளந்தா என்ன?”

“அப்ப இந்தத் துளசித் தொட்டியையும் எடுத்துக்கிட்டுப் போங்க. காஞ்சு மூணு மாசம் ஆச்சு. நானூத்திப் பதிமூணுன்னு கார்டுல மாத்திடலாம்.”

ஜூன் ஐந்து, காலை ஏழு மணி. வேப்பமரம் முதல் குழியில் நின்றது. நாய் இரண்டாவது குழிக்குக் குடிபெயர்ந்திருந்தது. தொப்பிகள் வந்தாயிற்று. ‘பிளாஸ்டிக்கை ஒழிப்போம்’ என்று அச்சிட்ட துணிப்பைகள், ஒவ்வொன்றும் தனித்தனியே பிளாஸ்டிக் உறையில், வந்தாயிற்று. பந்தல்காரர் வேம்புலி பேனரைக் கட்டி முடித்து இறங்கினார். ஹேமநாதன் பத்தடி பின்னால் போய் நின்று பார்த்தார். அவர் முகம் சிவந்தது.

பேனரில் அவருடைய படம் வலது ஓரம். அந்த வலது ஓரத்தில் அவருடைய காது ஒன்று மட்டும்தான் தெரிந்தது. மீதி முழுவதும் இலை.

“வேம்புலி! என் மூஞ்சி எங்கய்யா?”

“எலைக்குப் பின்னால கீது சார்.”

“அந்தக் கம்ப வெட்டு.”

“கம்பா? சார், அது மரம் சார்.”

“கம்புய்யா அது! நீதான நட்ட?”

“நட்டப்ப கம்புதான் சார். இப்பதான் எல, பூவு எல்லாம் வுட்டுகினு மரமா நிக்குதே. பாவம் சார், உட்ருங்க. பேனர இந்தாண்ட தள்ளிக் கட்டிக்கலாம்.”

“இந்தாண்ட தள்ளினா வெயில் படாது, படம் கறுப்பா வரும். ஜட்ஜ் பத்து மணிக்கு வராங்க. வெட்டுய்யா!”

கஸ்தூரி டீ வடிகட்டியைக் கையில் பிடித்தபடியே ஓடி வந்தாள். “சார், சார், என் கட நெயலு சார் அது!”

“நாலு மணி நேரம் பொறுத்துக்கோம்மா. பூமிக்காக.” குரல் தாழ்ந்தது.

வேம்புலி ஏணி போட்டு ஏறினார். கீழே மைக்கில் உறுதிமொழி தொடங்கிவிட்டது. உறுதிமொழி எடுக்கும்போது கையை முன்னால் நீட்டுவது வழக்கம். முன்னால் பேனர். பேனருக்கு மேலே வேம்புலி. ஆக நூறு கைகள் வேம்புலியை நோக்கி நீண்டிருக்க, ஹேமநாதன் கண்ணை மூடிக்கொண்டு உருக்கமாகச் சொன்னார்:

“நான் எந்த மரத்தையும் வெட்ட மாட்டேன்.”

“நான் எந்த மரத்தையும் வெட்ட மாட்டேன்” என்றது கூட்டம்.

வேம்புலியின் கத்தி நடுவானில் நின்றது.

“மரத்தை வெட்டுவதைக் கண்டால் தடுப்பேன்.”

“மரத்தை வெட்டுவதைக் கண்டால் தடுப்பேன்” என்று நூறு பேரும் வேம்புலியைப் பார்த்துக்கொண்டே சொன்னார்கள். ஒருவரும் தடுக்கவில்லை. அடுத்த வரிக்காகக் காத்திருந்தார்கள்.

ஹேமநாதன் மைக்கைக் கையால் மூடி, “நிறுத்தாதய்யா!” என்றார். மைக் சரியாக மூடப்படவில்லை. கடைசிக் கிளை மஞ்சள் பூவோடு வந்து மேடைக்கு முன்னால் விழுந்தது. ஹேமநாதனின் முகம் பேனரில் பளிச்சென்று தெரிந்தது. கூட்டம் கைதட்டியது.

கைதட்டாத ஒருவர் கடைசி வரிசையில் நின்றிருந்தார். பத்து மணி நடுவர். ஆவடியிலிருந்து முந்தின பஸ்ஸே கிடைத்துவிட்டதால் எட்டுக்கே வந்துவிட்டார். மதிவதனி என்று பெயர். கல்லூரியில் முப்பது ஆண்டு தாவரவியல் சொல்லிக் கொடுத்து ஓய்வு பெற்றவர்.

வேப்பமரத்தைத்தான் முதலில் காட்டினார் ஹேமநாதன். அந்த அம்மாள் சுற்றி வந்தார். அடிமண்ணைச் செருப்பு நுனியால் லேசாகத் தள்ளினார். கறுப்புப் பையின் விளிம்பு எட்டிப் பார்த்தது.

“இது பையோடவே பொறந்துச்சா?”

ஹேமநாதன் காலால் மண்ணைத் தள்ளிப் பையை மூடிக்கொண்டிருக்கும்போதே, தாங்கிப் பிடிக்க ஆளில்லாத வேப்பமரம் மெல்லச் சாய்ந்து ஒலிபெருக்கிப் பெட்டியின் மீது படுத்துக்கொண்டது. அவர் அதைக் கவனிக்காததுபோல நின்றார்.

மதிவதனி அதற்குள் பேனர் பக்கம் போயிருந்தார். மொட்டையாக நின்ற பூவரசைத் தொட்டுப் பார்த்தார். வெட்டுவாயில் சாறு இன்னும் ஈரமாக இருந்தது.

“இத நட்டது யாரு?”

“நாந்தாம்மா,” என்றார் வேம்புலி, ஏணியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு. “ரெண்டு வருசம் முன்ன இதே விழாவுக்கு சவுக்குக் கம்பு ஒண்ணு கொறஞ்சி பூட்ச்சி. கரையில பூவரசு கீதே, அதுல ஒரு கெளைய வெட்டியாந்து நட்டேன். பேனரு நிக்கணும், அவ்ளோதான். அது இன்னாடான்னா துளுத்துகினு வந்துருச்சி.”

“தண்ணி?”

“கிளாஸ் கயுவுற தண்ணி அங்கதான் ஊத்துவேன்,” என்றாள் கஸ்தூரி. “வேற எங்க ஊத்தறது? ஆடு வந்தா கரண்டியால ஒண்ணு வெப்பேன்.”

மதிவதனி கீழே கிடந்த கிளையிலிருந்து ஒரு மஞ்சள் பூவை எடுத்துப் பார்த்தார். பிறகு ஹேமநாதனிடம் திரும்பினார். “உங்க விழாவுல நட்டது. இன்னையோட சரியா ரெண்டு வருஷம். விதி அத்தனையும் பொருந்துது. காலைல ஏழு மணிக்கு நான் வந்திருந்தா விருது உங்களுக்குத்தான் சார்.”

ஹேமநாதன் மரத்தைப் பார்த்தார். வாழ்க்கையில் முதல்முறையாகப் பார்த்தார்.

“இப்ப... இப்பவும் நிக்குதே மேடம்?”

“நிக்குது. ஆனா மறுபடியும் கம்பாயிடுச்சே.” அந்த அம்மாளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. “பூவரசு லேசுல சாகாது. துளிர்க்குதான்னு அடுத்த வருஷம் வந்து பாக்கறேன். அதுவரைக்கும் இந்த வருஷ விருது யாருக்கும் இல்ல.”

நோட்டை எடுத்து மூன்று வரி எழுதினார். ஹேமநாதன் தலைகீழாகவே படித்துவிட்டார். நட்டவர்: வேம்புலி. தண்ணீர் ஊற்றியவர்: கஸ்தூரி. வெட்டச் சொன்னவர்: ஹேமநாதன். பெயரை எழுத்துப் பிழையில்லாமல் எழுதியிருந்தார் என்பது ஒன்றுதான் ஆறுதல்.

சிரித்து முடித்துவிட்டீர்களா? நல்லது. இப்போது உங்கள் செல்பேசியை எடுங்கள். ஜூன் மாதப் படங்களுக்குப் போங்கள். பச்சைத் தொப்பி போட்டு, இரண்டு விரலால் ஒரு கன்றின் கழுத்தைப் பிடித்துக்கொண்டு, கன்றைப் பார்க்காமல் கேமராவைப் பார்த்துச் சிரிக்கிற ஒருவர் அதில் இருப்பார். அவரை நன்றாகப் பாருங்கள். அந்தக் கன்று இப்போது எங்கே இருக்கிறது என்று அவரிடமே கேளுங்கள். பதில் சொல்லத் தடுமாறினால் பயப்பட வேண்டாம். உங்கள் அளவுத் தொப்பி எங்கள் நூம்பலிலும் கிடைக்கும்.

ஹேமநாதன் இப்போது தினமும் காலையில் வாளியோடு ஏரிக்கரைக்குப் போகிறார். கம்பில் மூன்று இடத்தில் துளிர் கட்டியிருக்கிறது. அவர் அதைப் படம் எடுப்பதை விடவில்லை. ஆனால் படத்தில் அவர் இல்லை. “தண்ணியிலயே அயுக வெச்சிடாத சார்” என்று கஸ்தூரி கத்துகிறாள். அடுத்த ஆண்டு விழாவும் ஜூன் ஐந்து காலை ஏழு மணிக்கே, அதே இடத்தில்தான். கன்றுகளுக்கு இன்னும் சொல்லவில்லை. பேனர் கம்புக்கு மட்டும் வேம்புலியிடம் சொல்லியாகிவிட்டது: ஆறு கம்பு, ஆறும் பச்சைப் பூவரசு, குழிக்கு ஒன்று.