காட்டுக்கு ஆர் படலை போட்டது?

நேற்றுக் காலமை எனக்கு இருந்தது ஒரே ஒரு வேலைதான். லண்டனிலை இருந்து வந்து நிக்கிற மச்சாளைப் பறவைகள் சரணாலயத்துக்குக் கூட்டிக்கொண்டு போய், நாலு கொக்கைக் காட்டிப்போட்டுத் திருப்பிக் கூட்டிக்கொண்டு வரவேணும்.

சின்னப் பிள்ளையும் செய்யிற வேலை. செய்யப்போனது நான். அதுதான் பிழைச்சுது.

மச்சாள் எண்டது என்ரை மாமாவின்ரை மகள். என்னிலும் பத்து வயசு மூப்பு. எங்கடை தீவிலை மண்கும்பான் பக்கம், சரணாலயத்தை ஒட்டினபடி அவவுக்கு ஐஞ்சு பரப்புக் காணி கிடக்கு. "ஒருக்கால் பாத்துக்கொள்ளும்" எண்டு நாலு வருசத்துக்கு முன்னம் என்னட்டைப் பொறுப்புத் தந்தவ.

நானும் வடிவாப் பாத்துக்கொண்டனான். எவ்வளவு வடிவா எண்டால், அதுக்குள்ளை கத்தரியும் மிளகாயும் வைச்சு, கிணத்துக்கு மோட்டரும் பூட்டி, ஒவ்வொரு வருசமும் ஆஞ்சு ஆஞ்சு சந்தைக்கு அனுப்புறன்.

ரெலிபோனிலை மச்சாளுக்குச் சொன்னது வேறை.

"காணி முழுக்கக் காடு பத்திப் போச்சு மச்சாள். ஒரே பாம்பு. கால் வைக்கேலாது. எது சரணாலயம், எது உங்கடை காணி எண்டே இப்ப தெரியாது."

நல்ல காணி எண்டு தெரிஞ்சால் தன்ரை தம்பிக்காரனுக்குக் குடுத்திடுவா எண்ட பயம்தான். அவ அந்தப் பக்கம் எட்டிப் பாத்தால் என்ரை மானமும் போச்சு, கத்தரியும் போச்சு. முதல்நாள் இரவு அந்தக் கத்தரியிலை வைச்ச பால்கறியை ரெண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டுப்போட்டு, "எங்கை வாங்கினனீர்?" எண்டு கேட்டவ. "சந்தையிலை மச்சாள்" எண்டனான், கண்ணும் வெட்டாமல்.

திட்டம் லேசானது. சரணாலயப் பலகையடியிலை பாதை ரெண்டாப் பிரியும். வலப்பக்கம் போனால் பறவை. இடப்பக்கம் போனால் கத்தரி. நாங்கள் வலப்பக்கம் போறது. இதிலை பிழைக்க என்ன இருக்கு?

மச்சாள் வெளிக்கிட்டு வந்த கோலத்தைப் பாத்திருக்கவேணும்! ரெண்டு கையிலையும் ரெண்டு தடி. முகம் முழுக்க வெள்ளைக் கிறீம். முதுகிலை ஒரு பை, அதுக்குள்ளை இருந்து வாய்க்கு ஒரு குழாய், நடந்துகொண்டே தண்ணி குடிக்கவாம். இமயமலைக்குப் போற ஆயத்தம். போறது தரவைப் புல்வெளிக்கு. ஊர் மாடெல்லாம் கிறீம் பூசாமல் போய்வாற இடம்.

"குகன், நாயையும் கூட்டிக்கொண்டு வாரும்" எண்டா.

"அது எதுக்கு மச்சாள்?"

"லண்டனிலை நாயில்லாமல் இப்பிடி இடத்துக்கு ஆர் போறது? பாரும், பட்டியும் கொண்டந்தனான்."

சிவப்புப் பட்டி. எங்கடை சீசர் ஒரு ஊர்நாய். பிறந்து ஐஞ்சு வருசத்திலை கழுத்திலை ஒரு சணல்கயிறுகூடக் கண்டதில்லை. பட்டியைக் கட்டினவுடனை மாப்பிள்ளை மாதிரி நிமிந்து நிண்டுது.

என்ரை மனுசி குசினிக்குள்ளை இருந்து கையைக் காட்டிக் கூப்பிட்டா.

"இஞ்சாருங்கோ, நாயை விட்டிட்டுப் போங்கோ. சொல்லுறதைக் கேளுங்கோ."

"உமக்கு ஒண்டும் விளங்காது. நாய் வராட்டில் மச்சாள் சந்தேகப்படுவா."

"நாய் வராட்டில் ஏன் சந்தேகப்படவேணும்?"

நான் நாயைக் கூட்டிக்கொண்டு வெளிக்கிட்டன். மனுசி சொல்லிக் கேட்டால் பேந்து நான் என்ன ஆம்பிளை!

வழி முழுக்க நான் பெரிய பறவை விஞ்ஞானி. தண்ணிக்குள்ளை வெள்ளையா ஒண்டு நிண்டுது.

"இது சைபீரியாவிலை இருந்து வந்தது மச்சாள். எவ்வளவு தூரம் பறந்து வருது பாருங்கோ!"

மச்சாள் போனைத் தூக்கிப் படம் எடுத்தா. அந்தப் போன் பறவையின்ரை பேர் சொல்லுமாம். சொல்லிச்சுது.

"உண்ணிக்கொக்கு எண்டு போட்டிருக்கு குகன். மாட்டுக்குப் பின்னாலை திரியிறதாம்."

"ஓம் ஓம். இதின்ரை சொந்தக்காரர் சைபீரியாவிலை இருக்கினம்."

பலகையடி வந்துது. நான் வலப்பக்கம் திரும்பினன். சீசர் இடப்பக்கம் திரும்பிச்சுது.

அப்பதான் எனக்குப் பொறி தட்டிச்சுது. நாலு வருசமா ஒவ்வொரு நாளும் நானும் சீசரும் இதே பலகையடியிலை இடப்பக்கம் திரும்பித்தானே தோட்டத்துக்குப் போறனாங்கள்! அதுக்குத் தெரிஞ்ச ஒரே பாதை அதுதான். இதை முன்கூட்டி யோசிக்க நாயின்ரை அறிவே போதும். எனக்கு அந்த அளவும் இல்லை.

நான் இங்காலை இழுத்தன். அது அங்காலை இழுத்துது.

"ஏன் அங்காலை இழுக்குது?"

"உடும்பு மணம் மச்சாள். உடும்பு எண்டால் இதுக்கு விசர்."

"அப்ப நாங்களும் போய் உடும்பு பாப்பம்!"

"ஐயோ, வேண்டாம்! வாலாலை அடிக்கும். அங்காலை ஒரே சேறு. பாம்பு வேறை."

சீசர் ஒரு வெட்டு வெட்டிச்சுது. பட்டி கையை விட்டுப் போச்சு. நான் நெருஞ்சி முள்ளுக்குள்ளை குந்தினன். எந்தப் பக்கத்தாலை குந்தினனான் எண்டு கேக்காதேங்கோ.

"ஐயோ, சீசர் பிள்ளை துலையப் போகுது!" எண்டு கத்திக்கொண்டு மச்சாள் தடியளை ஊண்டி ஊண்டி வெளிக்கிட்டா பாருங்கோ! அறுபத்திரண்டு வயசு. குதிரை தோத்துப்போகும். நான் பின்னாலை, ஒரு கையாலை முள்ளுப் புடுங்கிக்கொண்டு, "மச்சாள், சேறு! மச்சாள், பாம்பு!" எண்டு கத்திக் கத்தி ஓடுறன். சேறும் இல்லை, பாம்பும் இல்லை. சைக்கிளிலை உரம் கொண்டுபோக எண்டு நானே செதுக்கி, மண் போட்டு, வடிவாத் துப்பரவாக்கின பாதை அது.

நான் போய்ச் சேரேக்கை மச்சாள் தகரப் படலைக்கு முன்னாலை நிக்கிறா.

"குகன், காட்டுக்கு ஆர் படலை போட்டது?"

"சரணாலயக்காரராயிருக்கும் மச்சாள். மாடு வராமல்."

படலையைத் தள்ளித் திறந்தா. வரிசை வரிசையாக் கத்தரி. ஒவ்வொரு மரத்திலையும் மினுங்கிக்கொண்டு தொங்குது.

"இது என்ன?"

"காட்டுக் கத்தரி மச்சாள். தானா முளைக்கிறது."

"தானாப் பாத்தியும் கட்டுமோ?"

அதுக்குள்ளை அவவின்ரை பார்வை தோட்டத்துக்கு நடுவிலை போச்சு. அங்கை குருவி கலைக்க வைச்ச என்ரை வெருளி நிக்குது. வெருளிக்கு நீலக்கோடு போட்ட சேட்டு. போன வருசம் லண்டனிலை இருந்து பாசலிலை வந்தது. எனக்குக் கை நீளமாப் போச்சு, வெருளிக்கு அளவா இருந்துது.

"இது நான் உமக்கு அனுப்பின சேட்டெல்லோ?"

"கொடியிலை காயப்போட்டது மச்சாள். காத்துக்குப் பறந்து வந்திருக்கும்."

"காத்து பட்டனும் பூட்டினதோ?"

இவ்வளவுக்கும் சீசர் எங்கை? கொட்டிலுக்குள்ளை, நான் உடுத்துக் கழிச்ச பழைய சாறத்துக்கு மேலை, வழக்கமாப் படுக்கிற இடத்திலை வடிவாப் படுத்திருந்து வாலை ஆட்டுது. ஏன் இன்னும் மோட்டரைப் போடேல்லை எண்டமாதிரி என்னைப் பாக்குது.

அதுவும் காணாதெண்டு பக்கத்துத் தோட்டத்துச் செல்வம் வேலிக்கு மேலாலை தலையை நீட்டினான்.

"குகண்ணை! நேற்று மோட்டரை நிப்பாட்டாமல் போட்டியள். நான்தான் வந்து நிப்பாட்டினனான். இந்தமுறை உங்கடை கத்தரி அந்தமாதிரிக் காய்ச்சிருக்கு!"

மச்சாள் கொட்டிலுக்குள்ளை போய் உர மூட்டைக்கு மேலை இருந்தா. எனக்கு உண்மையிலையே வெக்கமாப் போச்சு. நிலம் பிளந்தால் உள்ளுக்குப் போயிடலாம் எண்டு நினைச்சன். பேந்து அதுவும் அவவின்ரை நிலம்தானே எண்டு விட்டிட்டன்.

"மன்னிச்சுக்கொள்ளுங்கோ மச்சாள்."

"நான் கோவிக்கேல்லை குகன். உம்மிலை எனக்குப் பாவமாக் கிடக்கு."

முதுகுப் பையைத் திறந்து ஒரு மண்ணிறக் கடித உறையை எடுத்தா. காணி உறுதிப் பத்திரம்!

"நாளைக்கு நொத்தாரிசிட்டைப் போய் இந்தக் காணியை உம்மடை பேருக்கு எழுதிப்போட்டுப் போவம் எண்டுதான் வந்தனான். உமக்குச் சொல்லாமல் வைச்சிருந்தனான். ஒண்டுக்கும் உதவாத காடு, எனக்கு எதுக்கு? நாலு வருசம் பாத்த மனுசன், நீரே வைச்சிரும் எண்டு நினைச்சனான்."

நான் அந்த உறைக்கு ரெண்டு கையையும் நீட்டினன்.

"மச்சாள்! காடுதான் மச்சாள்! இது சும்மா மேலாலை கொஞ்சம் பச்சையாத் தெரியுது..."

"சும்மா இரும். என்ன மண்ணப்பா இது! இப்பிடி விளையிற காணியை ஆரும் குடுப்பினமோ? வாற வருசம் வேலையை விட்டிட்டு வந்து நானே தோட்டம் செய்யப் போறன். அதுவரைக்கும் நீர் தண்ணியை விட்டுக்கொள்ளும்."

உறுதி பைக்குள்ளை போச்சு. பையை இழுத்துப் பூட்டினா.

வீட்டை வந்தவுடனை மச்சாள் ஒரு பை நிறையக் கத்தரிக்காயை மனுசியின்ரை கையிலை குடுத்தா. "இரவைக்கு இதையே வையும். என்ரை காணியிலை ஆஞ்சது."

மனுசி பையைப் பாத்தா. என்னைப் பாத்தா. நான் முற்றத்திலை நிண்டு முள்ளுப் புடுங்கிக்கொண்டிருந்தன்.

"பறவை பாத்தனீங்களோ?" எண்டு கேட்டா.

ஊரிலை அவனவன் ஒண்டுமே செய்யாமல் படுத்துக் கிடந்து காணி எடுக்கிறான். நாலு வருசம் வெயிலுக்குள்ளை மாடா உழைச்சு, கைக்கு வந்த காணியை இழந்த ஆள் இந்தத் தீவிலை நான் ஒருத்தன்தான்.