சற்று ஆர்வமான மணி

அலுவலகக் கண்ணாடிச் சுவரில் ஒட்டியிருந்த தாளை நிரலாளன் மூன்றாவது முறையாகப் படித்தான். மூன்று முறையும் அதை எழுதியவன் அவனாகவே இருந்தான்.

'துணி துவைத்து முடித்ததும் இந்தச் செயலி போனில் மணி அடிக்கிறது. சலவை இயந்திரத்தின் மூடியைத் திறக்கும்வரை இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை அடிக்கிறது. நீங்கள் ஊரில் இல்லாவிட்டாலும் அடிக்கிறது. சகிக்க முடியாத இந்த மணியை எழுதியவரை விசைப்பலகைப் பக்கமே விடக்கூடாது.'

கடைசி வரிக்குக் கீழே மேலாளர் சிவப்பு மையில் கோடு போட்டிருந்தார். ஓரத்தில், 'மூன்று மணிக்கு எல்லோரும் வரவும்.'

செயலி அவர்கள் அலுவலகத்திலேயே செய்தது. அவன் வீட்டு இயந்திரத்திலும் அதுதான். போன வாரம் பல் டாக்டர் முன்னால் வாயைத் திறந்தபடி படுத்திருந்தபோது பதினான்கு முறை மணி அடித்தது. வீட்டுக்கு வந்ததும் எழுதிவிட்டான். புனைபெயரில் ஒரு வலைப்பூ வைத்திருந்தான். புதுப்பித்ததும் பொத்தான்களை இடம் மாற்றும் மென்பொருள்கள், பாதி ஆட்டத்தில் காசு கேட்கும் கேம்கள், பக்கத்து வீட்டுக்காரர் குரலுக்கும் கீழ்ப்படியும் விளக்குகள் என்று தோன்றியதையெல்லாம் அதில் எழுதுவான். வாசகர்கள் முப்பத்தொரு பேர். பாதிப் பேர் மனிதர்களே இல்லை என்பது அவன் சந்தேகம்.

ஏற்கெனவே இரண்டு வேலைகள் வாயால் போயிருந்தன. மூன்றாவதும் போனால் அம்மா வீட்டுக்குப் போய்விடுவதாக மனைவி சொல்லியிருந்தாள், சலவை இயந்திரத்தோடு.

பக்கத்து இருக்கையில் செயலியைச் சோதிக்கும் பெண் திரையில் மூக்கு இடிக்க உட்கார்ந்திருந்தாள். எந்தப் பிழையும் தப்பாது என்பதால் அவளுக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர்.

"மேடம் ஒரு ஆளைக் கண்டுபிடிக்கச் சொல்லியிருக்காங்கண்ணா. மூணு மணிக்குள்ள."

அவன் தன் திரையை அவள் கண்ணில் படாதபடி திருப்பிக்கொண்டான்.

முதலில் கட்டுரையைக் கொஞ்சம் மென்மையாக்கினான். 'சகிக்க முடியாத மணி', 'சற்று ஆர்வமான மணி' ஆயிற்று. பிறகுதான் நினைவு வந்தது. வலைப்பூவை அவனே கட்டியிருந்தான். திருத்தங்களை மறைக்கும் மென்பொருள் பொய் சொல்லப் பழகிவிடும் என்பது அவனுடைய கொள்கை. அதனால் ஒவ்வொரு மாற்றமும் நேரத்தோடு பக்கத்தின் அடியில் தெரியும். அவன் நினைத்தாலும் அழிக்க முடியாது. அலுவலகத்திலும் முதல் வருடமே சண்டை போட்டு, எழுதும் ஒவ்வொரு வரிக்கும் பெயர், தேதி, காரணம் பதிவாகும்படி செய்திருந்தான்.

"அண்ணா, 11.05க்கு மாத்தியிருக்கான்," என்றாள் பூதக்கண்ணாடி. "எங்கேயோ உக்காந்து நடுங்கிட்டிருக்கான், பாவம்."

கட்டுரையையே நீக்கினான். நீக்குவதற்குக் காரணம் கேட்டது. அந்தப் பெட்டியைக் காலியாக விட முடியாதபடி செய்த புண்ணியவானும் அவன்தான். அவசரத்தில் மனத்தில் இருந்ததே வந்து விழுந்தது. 'நீக்கப்பட்டது, 11.20. காரணம்: பிழைப்பு.'

"பிழைப்பாம். அப்ப நம்ம ஆபீஸ்காரன்தான்," என்று சொல்லிவிட்டு அவள் மறுபடி திரைக்குள் போனாள்.

கட்டுரையைத் திரும்பப் போட்டான். அதுவும் பதிவானது. மாடிப்படிக்குப் போய் மனைவியைக் கூப்பிட்டு, யாரோ ஒரு வாசகி மாதிரி கட்டுரைக்குக் கீழே செயலியைப் புகழ்ந்து நாலு வரி எழுதச் சொன்னான்.

"பொய்யாவா எழுதணும்?"

"முடிஞ்சவரைக்கும் உண்மையா எழுது."

ஐந்து நிமிடத்தில் எழுதிவிட்டாள். 'செயலி மிக அருமை. என் கணவர் அந்த அலுவலகத்தில்தான் வேலை செய்கிறார். மணி விஷயத்தில் மட்டும் கட்டுரையாளர் சொல்வதே சரி. என் கணவரும் வீட்டில் இதே வார்த்தைகளில்தான் திட்டுவார்.'

அதற்குப் பிறகு அவன் எதையும் தொடவில்லை. மேசை இழுப்பறையைக் காலி செய்தான். ஒரு குடை, இரண்டு சார்ஜர், எதற்கு வாங்கினோம் என்று தெரியாத ஒரு ஒயர். அறுநூறு பக்க நாவலின் கடைசி அத்தியாயத்துக்கு வந்துவிட்டவன்போல ஒருவித அமைதி வந்தது. மூன்று மணிக்கு எல்லோருக்கும் முன்னால் போய் நின்று ஒப்புக்கொண்டான்.

"அந்தக் கட்டுரை நான் எழுதினதுதான் மேடம்."

மேலாளர் கண்ணாடியைக் கழற்றினார். "நீங்களா? உக்காருங்க. எங்க வீட்டிலயும் அந்த மணியால நிம்மதியே போச்சு. இவ்வளவு நாளா ஒருத்தரும் வாயைத் திறக்கல. நீங்கதான் தைரியமா எழுதியிருக்கீங்க."

அவன் உட்கார்ந்தான்.

"நீங்க எழுதின மாதிரியே செய்யப் போறேன்," என்றார் மேலாளர். "அந்த மணியை எழுதினவர் இனிமே இங்க ஒரு வரி எழுதக் கூடாது. சரிதானே?"

"ரொம்பச் சரி மேடம். கொஞ்சமும் இரக்கம் காட்டாதீங்க."

மேலாளர் பூதக்கண்ணாடி பக்கம் திரும்பினார். "காலைலேர்ந்து தேடுறியேம்மா, ஆள் கிடைச்சாரா?"

அவள் மடிக்கணினியை மெல்ல அவன் பக்கம் நகர்த்தினாள். "மணி அடிக்கிற வரி, நாலு வருஷத்துக்கு முந்தின பதிவு மேடம். தேதி இருக்கு. காரணம், 'இப்போதைக்கு இது போதும், அப்புறம் பாத்துக்கலாம்'னு இருக்கு. பேரை மட்டும்... அண்ணா, நீங்களே படிச்சிடுங்களேன்."