தலைமைப் பண்பும் இருபத்திரண்டு பெட்டி திராட்சையும்

ஆட்களை நடத்தத் தெரியாதவனைவிட ஆபத்தானவன், அதை மூன்றே நாளில் கற்றுக்கொண்டு வந்தவன். நானும் அப்படி ஒருவனாக இருந்திருக்கிறேன். (இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. போக வேண்டிய மானமெல்லாம் அன்றைக்கே போய்விட்டது.)

2003ஆம் வருஷம். ஓடைப்பட்டியில் ஒரு திராட்சை பேக்கிங் ஷெட்டில் நான் சூப்பர்வைசர். முப்பது பெண்கள் கத்தரிக்கோலால் அழுகல் பழங்களை நறுக்கி எறிந்துவிட்டு, நல்ல கொத்துகளைப் பெட்டியில் அடுக்குவார்கள். என் வேலை கத்துவது. அதை மட்டும் குறையில்லாமல் செய்தேன்.

"மேனேஜர் ஆகணும்னா இந்த வாய் ஆகாதப்பா" என்று முதலாளி என்னை மதுரைக்குத் தலைமைப் பண்புப் பயிற்சிக்கு அனுப்பினார். "திங்கக்கிழமை கொச்சி லோடு. கேரளா யாவாரி நேர்லயே வாராக. அது ஒழுங்காப் போச்சுன்னா நீதான் மேனேஜர். இல்லேன்னா பழையபடி எடை மெஷின்ல நிக்க வேண்டியதுதான்."

எடை மெஷினுக்குத் திரும்பவே முடியாது. ஏனென்றால் பெண் வீட்டில் மாப்பிள்ளை மேனேஜர் என்று அப்பா ஏற்கெனவே சொல்லி, தாம்பூலமும் மாற்றியாகிவிட்டது.

பயிற்சியில் டை கட்டிய ஒருவர், "தன் ஆட்களை நம்பாதவன் தலைவனே இல்லை" என்றார். மூன்றாம் நாள் மேஜை மேல் ஏற்றி, கண்ணை மூடிப் பின்பக்கமாக விழச் சொன்னார். விழுந்தேன். எட்டுப் பேர் பூப்போல ஏந்திப் பிடித்தார்கள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. (மத்தியானம் பிரியாணி வேறு. மனசு இளகித்தான் கிடந்தது.)

திங்கட்கிழமை காலை, வந்ததும் வராததுமாக எல்லோரையும் வேலையை நிறுத்தச் சொன்னேன். ஒரு பலகை மேல் ஏறி நின்றேன்.

"நான் இப்ப பின்னாடி விழப்போறேன். நீங்கள்லாம் பிடிக்கணும்."

அங்கே மூத்தவரான செல்லத்தாயி அக்காதான் வாயைத் திறந்தார்.

"எதுக்கு சார் விழணும்? காலையில சாப்பிட்டீகளா இல்லையா?"

"நம்பிக்கைக்கா! நீங்க பிடிப்பீகன்னு நான் நம்பணும்."

"விழாம நின்னுக்கிட்டே நம்பக்கூடாதா சார்?"

நல்ல கேள்விதான். மதுரையில் இதற்குப் பதில் சொல்லித்தரவில்லை. கையை மார்பில் கட்டி, கண்ணை மூடிச் சாய்ந்தேன்.

நான் மறந்துபோனது ஒன்று உண்டு. மூன்று வருஷமாக நான் உள்ளே வந்தாலே சேலையை ஒதுக்கிக்கொண்டு வழிவிட்டுப் பழகியவர்கள் அவர்கள். அந்தரத்தில் இருக்கும்போதே குரல் கேட்டது.

"அடியே, சார் வாராக, ஒதுங்குங்கடி!"

முப்பது பேரும் மரியாதையாக ஒதுங்கினார்கள். பின்னால் கொச்சிக்குக் கட்டி அடுக்கிய பெட்டிகள். இருபத்திரண்டு பெட்டிகளை நசுக்கி, தலைமுதல் கால்வரை சாறு வழியக் கிடந்தேன். அந்த நேரம் பார்த்தா முதலாளியும் கேரள வியாபாரியும் உள்ளே வர வேண்டும்!

"அய்யோ, எந்து பற்றி?" என்று பதறினார் வியாபாரி. என்ன ஆச்சு என்று கேட்கிறாராம்.

முதலாளி முகம் கறுத்தது. "என்னடா இது கூத்து?"

எடை மெஷினும் பெண் வீட்டாரும் கண்முன்னே வந்துபோனார்கள். தொலைந்தோம் என்றே நினைத்தேன். செல்லத்தாயி அக்கா முன்னால் வந்தார்.

"பொட்டி சரிஞ்சு எங்க மேல விழப் பாத்துச்சு முதலாளி. சார்தான் குறுக்க பாஞ்சு முதுகைக் குடுத்தாக. இல்லேன்னா இங்கன ரெண்டு உசுரு போயிருக்கும்."

முப்பது தலைகளும் ஒன்றாக ஆடின. வியாபாரிக்குக் கண் கலங்கிவிட்டது. முதலாளியே கைகொடுத்து என்னைத் தூக்கினார்.

பிறகு யாரும் சோற்றுச் சட்டியைத் திறக்கவில்லை. இருபத்திரண்டு பெட்டியையும் புதிதாகக் கட்டினார்கள். முதுகு பிடித்துக்கொண்டதால் நானும் சாக்கில் உட்கார்ந்து கொத்து நறுக்கினேன். "எலி கடிச்சாப்ல இருக்கு சார்" என்று பக்கத்திலிருந்த பெண் அதை வாங்கி மறுபடி நறுக்கினாள். நான் ஒரு சத்தமும் போடவில்லை. லோடு சொன்ன நேரத்துக்குக் கிளம்பியது.

சாயங்காலம் செல்லத்தாயி அக்காவிடம் கேட்டேன். "எனக்காக எதுக்குக்கா பொய் சொன்னீக?"

"அசலார் ஆம்பளைய கையால பிடிக்கிறது முறையா சார்? அதான் வாயால பிடிச்சேன்."

இத்தனை நாள் இவர்களைப் பார்த்தா கத்தினோம் என்று கூசிப்போனேன். அதன்பிறகு அந்த ஷெட்டில் என் குரல் உயரவில்லை.

மேனேஜரானேன், கல்யாணமும் நடந்தது. ஷெட்டே வண்டி பிடித்து வந்திருந்தது. போட்டோக்காரர் என்னிடம், "சார், லேசா பின்னாடி வாங்க" என்றார். ஓரடிதான் நகர்ந்தேன். பந்தியிலிருந்து பத்துப் பெண்கள் எச்சில் கையோடு மேடைக்கு ஓடிவந்து, என் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டார்கள்.

மாலையும் கழுத்துமாக நின்ற என் மனைவி என்னிடம் பேசிய முதல் வார்த்தை: "ஏங்க, உங்களுக்கு மயக்கம் கியக்கம் வருமா? யாரும் சொல்லவே இல்லையே!"

நடந்ததை எத்தனையோ தடவை விளக்கிவிட்டேன். மாமனார் நம்புவதாக இல்லை. இன்றைக்கும் அவர் ஊரான அனுமந்தன்பட்டிக்குப் போனால், மாப்பிள்ளைக்கு நாற்காலி சுவரை ஒட்டித்தான் போடுகிறார்கள்.