அறுபத்து நாலு கேபியில் ஒரு தாய்மாமன்

தாராவி,
ஞாயிற்றுக்கிழமை காலை.

மரியாதைக்குரிய மச்சான் வானமாமலை அவர்களுக்கு, தங்கள் தங்கை விஜயராணியைக் கட்டிய மாரிக்கண்ணன் பணிவோடு எழுதுவது. இங்கே மூவரும் சுகம். பாண்டுப்பில் தாங்களும் தங்கள் முழங்காலும் சுகம்தானே? வாட்ஸ்அப்பில் என்னை பிளாக் செய்துவிட்டீர்கள், போனையும் எடுப்பதில்லை. ஆகையால் பத்து வருஷம் கழித்துப் பேனா பிடித்திருக்கிறேன், கையெழுத்தைப் பொறுத்தருளவும்.

மகள் மாலதி உல்லாஸ்நகர் பழைய சாமான் கடையில் பிடித்துவந்த அந்தக் கம்ப்யூட்டர் என் கல்யாணத்தைவிட மூத்தது. கீபோர்டுதான் மொத்த மெஷினே, டி.வி.யில் சொருக வேண்டும். மெமரி அறுபத்து நாலு கேபி. நீங்கள் தினமும் அனுப்பிக்கொண்டிருந்த குட்மார்னிங் ரோஜாப்பூ ஒன்றுகூட அதற்குள் நுழையாது. அதிலேயே படம், பாட்டு, சுழலும் குத்துவிளக்கு எல்லாவற்றையும் திணித்து ஓடவிட்டால் அதற்கு டெமோ என்று பேர். இதற்கென்றே உலகமெங்கும் ஒரு கூட்டம் இருக்கிறது, மாலதிக்கு வரப்போகும் மாப்பிள்ளையும் அந்தக் கூட்டத்தில் கிடைத்தவர்தான். டெமோ முடியும்போது திரையின் அடியில் எழுத்துகள் நெளிந்து நெளிந்து ஓடும், மற்ற கூட்டாளிகளின் பெயரைச் சொல்லி வணக்கம் வைப்பார்கள். நாம் பத்திரிகையில் சொந்தக்காரர் பெயரெல்லாம் போடுகிறோமே, அந்த மாதிரி.

நிச்சயதார்த்தத்தன்று மாலதி தான் செய்த டெமோவை ஹாலில் ஓட்டினாள். அப்பா, அம்மா பெயர் வந்தது, பிறகு பின்லாந்து, போலந்து என்று வந்தது, உங்கள் பெயர் வரவில்லை. "என்ன மாப்ளே, எவனோ போலந்துக்காரன் பேரெல்லாம் ஓடுது, தாய்மாமன் பேரு எங்க வே?" என்று எழுந்தீர்கள். கல்யாணத்துக்கும் வரமாட்டேன் என்று சொல்லிவிட்டு, இரண்டாவது டம்ளர் பாயசத்தையும் குடித்துவிட்டே போனீர்கள். போகட்டும்.

அன்றைக்கே மாலதியிடம் மாமா பெயரைச் சேர் என்றேன். "ஜகாவே இல்லப்பா, மெமரி ஃபுல்" என்றாள். தாய்மாமனுக்கு இடமில்லை என்று ஒரு மெஷின் சொல்வதா என்று நான் கத்த, டெமோவில் வரும் நாதஸ்வரத்தைப் பாதியாக வெட்டினாள், அது அலறிய அலறலில் பக்கத்து வீட்டு சஃப்ரீன் ஆம்புலன்ஸ் வந்துவிட்டதென்று ஓடிவந்தாள். குத்துவிளக்கில் இரண்டு முகத்தை அணைத்தாள், விஜயராணி அபசகுனம் என்று கூப்பாடு போட்டாள், மறுபடி ஏற்றினோம். கடைசியில் நான்தான் ஒரு யோசனை சொன்னேன். அது என்னவென்பது இங்கே வேண்டாம். இப்போது "தாய்மாமன் வானமாமலை, பாண்டுப்" என்று பச்சை நிறத்தில் ஜோராக ஓடுகிறது.

மச்சான், எனக்கு நைட் ஷிப்ட் இருந்த காலத்தில் உங்கள் விரலைப் பிடித்துத்தான் மாலதி நடக்கப் பழகினாள். நீங்கள் மாலை எடுத்துத் தராமல் அவள் மணையில் உட்கார்ந்தால் என்னால் தாங்க முடியாது. கோபத்தை விட்டுவிட்டு வாருங்கள்.

அக்காவுக்கு என் வணக்கம், பிள்ளைகள் குறைவில்லாமல் இருக்கட்டும்.

தங்கள் அன்பு மாப்பிள்ளை,
மாரிக்கண்ணன்

பின்குறிப்பு: கவரை ஒட்டும் நேரத்தில் விஜயராணி புது டெமோவைப் பார்த்துவிட்டாள். என் யோசனை, அவள் பெயரை எடுத்துவிட்டு அந்த இடத்தில் உங்கள் பெயரைப் போடுவது. என் பெயரை எடுக்கலாமா என்றுதான் மாலதி கேட்டாள். குடும்பத் தலைவன் பெயர் இல்லாவிட்டால் நன்றாயிருக்காது என்று நான்தான் சொன்னேன். தங்கள் தங்கை பெட்டியோடு பாண்டுப்புக்கு ரயிலேறிவிட்டாள், இந்தக் கடிதத்துக்கு முன்பே வந்துசேர்வாள். ஆகவே தங்கள் பெயரை எடுத்துவிட தயவுசெய்து சம்மதம் தரவும். பதிலை மாலதி நம்பருக்கு அனுப்பவும், தங்கச்சியும் என்னை பிளாக் செய்துவிட்டாள்.