படையலுக்கு வந்த மூத்தவர்

ஆடி அமாவாசையன்று காலஞ்சென்ற மாமனாருக்காக ராமாத்தாள் வைத்த படையலை, காகத்தை முந்திக்கொண்டு ஒரு குரங்கு உண்டுகொண்டிருந்தது. அவள் அதனைத் துரத்தவில்லை. இன்னும் ஒரு கரண்டி பாயசம் ஊற்றினாள்.

அவ்வழியே வந்த ரப்பர் தோட்டப் பள்ளி ஆசிரியர் தங்கையா அவர்கள் தயங்கி நின்றார்.

"அம்மா, அது குரங்காச்சுங்களே."

"தெரியுது வாத்தியாரய்யா. மனுசன் கொரங்குலேர்ந்து வந்தான்னு நீங்கதான் சொன்னீங்களாமே, எம் மக சொன்னா. அப்ப மூத்தவரு இவருதானே? காக்காய்க்கு எதுக்குப் போடணும்?"

வெள்ளைக்காரர் எழுதிய நூலொன்றில் படித்ததை ஆசிரியர் ஆர்வத்தில் வகுப்பில் சொல்லியிருந்தார். அவ்வளவே.

மறுநாள் குரங்குகளுக்கென்று பதினாறு படையல் இலைகள் விழுந்தன. மலாயாவின் ஜாசின் பக்கத்துக் காட்டுக் குரங்குகள் யாவும் தொழிலாளர் வரிசைவீடுகளான லயத்துக் கூரைகளில் குடியேறின. பெரிய கங்காணி அங்கமுத்து ஆசிரியரை அழைத்தார்.

"புதுத் தொரை திங்கக்கெழம லயம் பாக்க வர்றாரு. ஒரு கொரங்கு கண்ணுல பட்டாலும் ஒங்க வேல போச்சு வாத்தியாரே. ஊருக்குக் கப்பல் ஏற வேண்டியதுதான்."

அன்று மாலையே ஆசிரியர் அனைவரையும் கூட்டினார்.

"தயவுசெஞ்சு பொறுத்துக்கணும். குரங்கு நம்ம மூதாதை இல்லைங்க. ஆதியில நமக்கும் அதுக்கும் ஒரே தாத்தா, அவ்வளவுதான்."

"அப்ப பங்காளியா?" என்றான் மாயாண்டி. "பங்காளிக்குச் சோறு போடலேன்னா பஞ்சாயத்துல கொண்டாந்து நிறுத்துமே."

இலைகள் முப்பதாயின.

ஆசிரியர் மண்ணெண்ணெய்த் தகரத்தைத் தட்டிக் குரங்குகளை விரட்டினார். பயந்தவை காட்டுக்கு ஓடின. பயப்படாதவை, ஓடியவற்றின் சோற்றையும் சேர்த்து உண்டு கொழுத்தன. நூலில் படித்த இயற்கைத் தேர்வைத் தம் கையாலேயே நடத்திவிட்டதை ஆசிரியர் மிகுந்த மனவருத்தத்துடன் உணர்ந்தார். மூன்றாம் நாள், எஞ்சியவை தகரத்தைப் பிடுங்கித் தாமே தட்டின.

ஞாயிறன்று அவர் மாரியம்மன் கோயில் வாசலில் கைகூப்பி நின்றார்.

"நான் சொன்னது தப்புங்க. மனுசனைக் கடவுள் தனியாப் படைச்சார்."

"அப்ப கொரங்க யாரு படைச்சா?" என்றாள் ராமாத்தாள்.

"அதையும் அவர்தான்..."

"அப்ப சாமி படைச்சத வெரட்ட நாம யாரு?"

மறுநாள் விடிந்தபோது, இருந்தவற்றுள் மிகத் தடித்த குரங்கின் கழுத்தில் வடைமாலை தொங்கியது.

துரை வந்தார். வடைமாலைக் குரங்கு கூரையிலிருந்து நேரே அவர் தோளில் குதித்தது. தொப்பியை எடுத்துத் தன் தலையில் வைத்துக்கொண்டு, லயத்தை மேலும் கீழும் பார்வையிட்டது. கங்காணி கண்களை மூடிக்கொண்டார். ஆசிரியர் மனத்திற்குள் தம் பெட்டியைக் கட்டி முடித்தார்.

துரை முகம் சிவக்கச் சிரித்தார். குரங்கை அணைத்தபடியே காரில் ஏறினார். இவனுக்கு இனிமேல் பங்களாவில்தான் சாப்பாடு என்று உத்தரவிட்டார். வடை மணத்தைத் தொடர்ந்து மற்றக் குரங்குகளும் காரின் பின்னால் ஓடின.

"பொழச்சீங்க வாத்தியாரே," என்றார் கங்காணி. "நாளைக்கு வழக்கம்போலப் பள்ளிக்கூடத்தத் தொறங்க."

ராமாத்தாள் மட்டும் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"தப்பு எம்மேலதான் வாத்தியாரய்யா. வெள்ளக்காரன் எழுதுன பொஸ்தகந்தானே அது? அவன் குடும்பக் கதைய அவன் எழுதி வச்சிருக்கான். நாமதான் தெரியாம தொரையோட தாத்தாவுக்குப் படையல் போட்டுட்டோம்."